‘ஒரு செடிதானே’: கஞ்சாவும் கொல்லைப்புறமும் – சில கற்பிதங்கள்

கே.ஜி.கண்டிகைக்குப் பக்கத்தில் ஒரு வீடு. மொட்டைமாடியில் பழைய பெயின்ட் பக்கெட், பக்கெட்டில் ஒரு செடி. இடுப்பு உயரம் வளர்ந்திருந்ததாம். துளசிக்கு ஊற்றுகிற அதே செம்பால் அந்த வீட்டம்மா அதற்கும் தினம் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். “மூலிகைன்னான் தம்பி. கோரக்கர் மூலின்னு பேரு கூட சொன்னான். நானும் ஊத்தினு வந்தேன்.” மகனுக்கு இருபத்தோரு வயது, கம்பெனி பஸ்ஸில் ஒரகடம் போய் வருகிறவன். போலீஸ் வந்து செடியை வேரோடு பிடுங்கியபோது அவன் சொன்னதாக எல்லோரும் சொல்வது ஒரே ஒரு வாக்கியம்: “ஒரு செடிதான சார்.”

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தின் மீதான வாசிப்பு. அதை அறியாமை என்று தள்ளிவிடுவது சுலபம். பள்ளிக்கூடங்களில் நடக்கிற விழிப்புணர்வுக் கூட்டங்கள் அதைத்தான் செய்கின்றன. ஆனால் பொதுப்புத்தி வெறுமையிலிருந்து பேசுவதில்லை. வீட்டில் கஞ்சா வளர்ப்பது பற்றி நம்மிடையே புழங்கும் தப்பெண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றுக்கு அடியில் என்றோ செல்லுபடியான ஒரு ஏற்பாடோ, வேறெங்கோ இப்போது செல்லுபடியாகிற ஒரு சட்டமோ படிந்து கிடப்பது தெரியும். காலமும் இடமும் தவறிப்போன உண்மைகள் என்று அவற்றைச் சொல்லலாம். தவறிப்போனதற்கான விலை மட்டும் இங்கே, இப்போது, பத்து வருஷம் வரை.

முதலில் சட்டத்தையே ஒரு பிரதியாகப் படித்துவிடுவோம். போதைப்பொருள், மனமயக்கப்பொருள் சட்டம் (என்.டி.பி.எஸ்.) 1985 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 2-ஆம் பிரிவு கஞ்சாவுக்குத் தரும் இலக்கணம் குறுகலானது: செடியின் பூத்த அல்லது காய்த்த நுனிகள் மட்டுமே கஞ்சா, நுனியோடு சேராமல் தனியே கிடக்கிற இலையும் விதையும் கஞ்சா அல்ல. ஆனால் அடுத்த உட்பிரிவில் ‘கஞ்சாச் செடி’ என்ற இன்னொரு சொல் வருகிறது. அதன் இலக்கணம் நேர்மாறாக அகலமானது: அந்தப் பேரினத்தைச் சேர்ந்த எந்தச் செடியும். பூத்ததா, பூக்காததா, ஆணா, பெண்ணா, போதை தருமா, தராதா என்ற கேள்வியே கிடையாது. 8-ஆம் பிரிவு தடுப்பது செடியைப் பயிரிடுவதை. 20(ஏ) அதற்குத் தருவது பத்து ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

ஆக, சட்டத்துக்கு முன்னால் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று சரக்கு, மற்றது செடி. சரக்குக்கு எடை உண்டு. 2001 அக்டோபர் அறிவிக்கையின்படி ஒரு கிலோ வரை ‘சிறிய அளவு’, இருபது கிலோவுக்கு மேல் ‘வணிக அளவு’. செடிக்கு எடையும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. ‘சொந்த உபயோகத்துக்கு ரெண்டு மூணு வச்சுக்கலாம்’ என்று டீக்கடையில் யாராவது அடித்துச் சொன்னால் அவருக்கு இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பியிருக்கிறது என்று பொருள். சிறிய அளவு என்ற சலுகை சரக்குக்கானது. அதுவும் விடுதலை அல்ல, தண்டனைக் குறைப்பு மட்டுமே.

2001-இல் இந்தச் சட்டத்தைத் திருத்தியபோது, தண்டனைகளைக் குற்றத்தின் அளவுக்குத் தக்கபடி சீர்செய்வதாகச் சொன்னார்கள். சிறிய அளவு கஞ்சா வைத்திருந்தால் ஆறு மாதம் என்று இறங்கியது (2014 திருத்தத்தில் அது ஒரு வருஷமாக ஏறியது). அதே திருத்தத்தில் செடி வளர்ப்பதற்கான உச்ச தண்டனை ஐந்து வருஷத்திலிருந்து பத்து வருஷமாக உயர்ந்தது. பலன் என்னவென்றால், வெளியே யாரிடமோ தொள்ளாயிரம் கிராம் வாங்கி அலமாரியில் வைத்திருப்பவனுக்கு உச்சபட்சம் ஒரு வருஷம். வாங்கவே வேண்டாமென்று பக்கெட்டில் ஒரு செடி வைத்தவனுக்கு உச்சபட்சம் பத்து வருஷம். ‘விக்கறவன்தானே குத்தவாளி, நான் யார்கிட்டயும் வாங்கவும் இல்ல, விக்கவும் இல்ல’ என்ற நியாயம் கேட்பதற்குச் சரியாகத்தான் படுகிறது. சட்டத்தின் தர்க்கம் வேறு: வாங்குபவன் சங்கிலியின் கடைசிக் கண்ணி, வளர்ப்பவன் முதல் கண்ணி. அந்தச் சங்கிலியில் ஒரே கண்ணிதான் இருக்கிறது, அவனே முதலும் அவனே கடைசியும் என்பதைக் காண்பதற்கான கண் அந்தப் பிரிவுக்கு இல்லை.

இன்னொன்றும் அந்தப் பிரிவில் இல்லை: வீடு. வயலோ, மலைச்சரிவோ, மொட்டைமாடியோ, மூன்றும் ஒன்றே. வீடு என்பது சட்டத்தில் வருவதெல்லாம் பொறுப்பாகத்தான். 25-ஆம் பிரிவு தெரிந்தே இடம் கொடுத்த வீட்டுக்காரரைப் பிடிக்கிறது. 46-ஆம் பிரிவு, தன் நிலத்தில் சட்டவிரோதமாகச் செடி வளர்வது தெரிந்தும் தகவல் சொல்லாத நிலக்காரரைப் பிடிக்கிறது. 47-ஆம் பிரிவு ஊராட்சித் தலைவர், கிராம அதிகாரிகள் வரை தகவல் சொல்லும் கடமையை நீட்டுகிறது. ‘என் வீடு, என் மாடி’ என்பது அடைக்கலம் ஆவதில்லை. அம்மா பெயரில் பட்டா இருந்தால் அம்மாவும் கேள்விக்குள் வருகிறார்.

*

அப்படியானால் ‘ஒரு செடிதானே’ என்கிற வாக்கியம் எங்கிருந்து வந்தது? இதற்கு 1893-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு பிரிட்டிஷ் இந்திய அரசு சணல்போதை ஆணையம் ஒன்றை அமைத்தது. தலைவர் மேக்வொர்த் யங். மொத்தம் ஏழு உறுப்பினர்கள், மூன்று பேர் இந்தியர்கள். 1,193 சாட்சிகளை விசாரித்து 1894-இல் அறிக்கை கொடுத்தார்கள். சென்னை மாகாணத்தில் விற்பனைக்கென்று கஞ்சா பயிரிட்ட இடங்களாக அதில் வருபவை முக்கியமாக இரண்டு: கிருஷ்ணா மாவட்டத்துச் சந்தராவூர்ப் பகுதி, வட ஆற்காட்டு ஜவ்வாது மலை. (அன்றைக்குத் திருத்தணியும் வட ஆற்காடுதான், கார்வேட்டிநகரம் ஜமீன்.) இவை தவிர மாகாணம் முழுக்க ஆங்காங்கே வீட்டுக் கொல்லைகளில் ஒன்றும் இரண்டுமாகச் செடி இருந்ததையும் அறிக்கை பதிவு செய்கிறது. முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவில் அதுவும் ஒரு செடியாக நின்ற காலம் ஒன்று உண்மையிலேயே இருந்திருக்கிறது. நம் பையனின் வாக்கியம் அந்தக் கொல்லையிலிருந்து பேசுகிறது. அவனுக்கு அது தெரியாது.

கஞ்சாவுக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் இந்த அறிக்கையை ஒரு வேதம்போல் எடுத்துக்காட்டுவார்கள். மிதமான உபயோகம் உடலையோ மனத்தையோ ஒழுக்கத்தையோ குறிப்பிடத்தக்க அளவில் கெடுப்பதில்லை, முழுத்தடை தேவையுமில்லை, உசிதமுமில்லை என்று அது சொன்னது மெய்தான். ஆனால் அவர்கள் அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். தடை வேண்டாமென்றால் வேறென்ன என்று ஆணையம் அடுத்துச் சொல்கிறது: உரிமம் இல்லாமல் பயிரிடக் கூடாது, சாகுபடியைச் சில இடங்களில் மட்டும் குவிக்க வேண்டும், வரியை உயர்த்த வேண்டும், கடைகளைக் குறைக்க வேண்டும், ஒருவர் வைத்துக்கொள்ளும் அளவுக்கு வரம்பு வேண்டும். வங்காளத்தில் ராஜஷாஹி மாவட்டத்து நவகாவ் அவர்களுக்கு முன்மாதிரி. அங்கே வயல்கள் உரிமத்தோடு ஒரே வட்டாரத்தில் குவிந்திருந்தன. வயலில் இறங்கி ஆண் செடிகளைக் கண்டுபிடித்துப் பிடுங்குவதற்கென்றே ‘பொத்தார்’ என்ற நிபுணர்கள் இருந்தார்கள். அறுவடை அரசாங்கக் கிடங்குக்குப் போய், தீர்வை கட்டிய பிறகே வெளியே வரும்.

கவனிக்க வேண்டிய இடம் இது. கொல்லைச் செடியின் மேல் முதலில் கைவைத்தது ஒழுக்கவாதம் அல்ல, வருவாய். குடிப்பவனைச் சகித்துக்கொண்ட அதே அறிக்கை வளர்ப்பவனைச் சகித்துக்கொள்ளவில்லை. கொல்லையில் நிற்கிற செடிக்குத் தீர்வை வசூலிக்க முடியாது, அதைக் கிடங்கில் பூட்டவும் முடியாது என்பதுதான் அதன் மேலிருந்த குற்றச்சாட்டு. தாராளவாதம் என்று நாம் கொண்டாடுகிற பிரதியின் உள்ளேயே வீட்டுச்செடியின் மரண சாசனமும் எழுதப்பட்டிருக்கிறது. ஃபூக்கோ 1975-இல் வந்த சிறைச்சாலை பற்றிய தமது நூலில், பழைய சமூகங்களில் ஒவ்வொரு அடுக்குக்கும் சகித்துக்கொள்ளப்பட்ட மீறல்கள் சில இருந்ததையும், சொத்துறவுகள் மாறியபோது ஏழைகளின் மீறல்கள் மட்டும் குற்றமாக மறுபெயர் பெற்றதையும் விளக்குவார். விறகு பொறுக்குவது, தரிசில் மேய்ப்பது போன்றவை. நம் கொல்லைச் செடியையும் அந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

அதன்பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திருத்தணி 1911-இல் புதிதாக உண்டான சித்தூர் மாவட்டத்துக்குப் போனது. 1938-இல் சித்தூருக்கு மதுவிலக்கு வந்தபோது (அந்த 1937 சட்டம் மதுவை மட்டுமல்ல, போதைப்பொருளையும் சேர்த்தே பேசியது) இந்த ஊரும் அதற்குள் வந்தது. 1953-இல் ஆந்திரம், 1960 ஏப்ரல் 1-இல் மீண்டும் சென்னை மாநிலம். இடையில் 1961-இல் ஐ.நா.வின் போதைப்பொருள் ஒற்றை உடன்படிக்கை வந்தது. மருத்துவம் சாராத கஞ்சா உபயோகத்தை, உடன்படிக்கை அமலுக்கு வந்ததிலிருந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் நிறுத்திவிட வேண்டும் என்று அது கெடு வைத்தது. 1964-இல் அமல், 1989-இல் கெடு. 1985 சட்டம் அந்தக் கெடுவுக்குள் வந்து சேர்ந்தது. பூத்த நுனி கஞ்சா, தனி இலை கஞ்சா அல்ல என்று நம் சட்டம் சொல்கிற இலக்கணம்கூட அந்த உடன்படிக்கையின் வாசகத்திலிருந்தே எடுத்தது.

*

இனி மற்ற கற்பிதங்கள். இவற்றில் மொழி செய்த குழப்பம் ஒன்று உண்டு; தமிழ் படித்தவன் என்ற முறையில் அதில் கொஞ்சம் நின்று போகிறேன்.

‘ஹெம்ப் வேற, கஞ்சா வேற, ஹெம்ப் வளர்க்க இப்ப அனுமதி உண்டு.’ ஹெம்ப் என்ற ஆங்கிலச் சொல்லை நம் பத்திரிகைகள் கூசாமல் ‘சணல்’ என்று பெயர்க்கின்றன. தமிழில் சணல் என்றால் கோணிப்பை நினைவுக்கு வரும். விவசாயிக்கு என்றால் சணப்பு, நெல்லுக்கு முன்னால் விதைத்து மடக்கி உழுகிற பசுந்தாள் பயிர். இது அவரைக் குடும்பம். கஞ்சாவோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. வெள்ளைக்காரன் நார் எடுக்கிற செடியையெல்லாம் ஹெம்ப் என்றான்: சணப்பு ‘சன் ஹெம்ப்’, நம் புளிச்சை ‘டெக்கான் ஹெம்ப்’. கஞ்சாவுக்கு ‘இந்தியன் ஹெம்ப்’. புளிச்சைக்குத் தாவரவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ், கஞ்சா இலைபோல் அதன் இலை பிரிந்திருப்பதால் கன்னாபினஸ் என்றே வைத்துவிட்டார். எல்லைக்கு அந்தப்பக்கம் கோங்கூரா என்று பருப்போடு கடைகிற கீரை வகைகளில் அதுவும் ஒன்று. (அந்த மாடிச் செடியைப் பார்த்த பக்கத்து வீட்டம்மா புளிச்சக்கீரை என்றுதான் நினைத்தாராம். இலை விரல்விரலாக இருந்தாலும் புளிச்சையில் அது ஒரே இலையின் பிளவு. தண்டில் சொரசொரவென்று முள் இருக்கும். கஞ்சாவில் ஒவ்வொரு விரலும் தனிச் சிற்றிலை, ஓரமெல்லாம் ரம்பப் பல்.)

இப்போது ஹெம்ப் என்று பேசப்படுவது புளிச்சையும் அல்ல, சணப்பும் அல்ல. கஞ்சாவின் அதே இனம்தான். வித்தியாசம் ஒரு எண்ணில் இருக்கிறது: போதைச்சத்து 0.3 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஹெம்ப், மேலே இருந்தால் கஞ்சா. இந்த 0.3 இயற்கை வரைந்த கோடு அல்ல. 1976-இல் ஸ்மால், குரோன்குவிஸ்ட் என்ற இரு தாவரவியலாளர்கள் வகைப்பாட்டு வசதிக்காகப் போட்ட கோடு. போடும்போதே அது தாங்களாகத் தேர்ந்துகொண்ட எல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். பிறகு நாடுகள் அதைச் சட்டமாக்கிக்கொண்டன. நம் மத்தியச் சட்டத்தின் இலக்கணத்தில் இந்த எண்ணே கிடையாது. பேரினம் ஒன்றுதான் பேச்சு. நார், விதை, தோட்டக்கலைக்காக அரசு தனி ஆணையால் அனுமதிக்கலாம் என்று 14-ஆம் பிரிவு சொல்கிறது. உத்தராகண்ட் 2018-இல் 0.3 வரம்போடு உரிமம் கொடுக்க ஆரம்பித்தது அந்த வாசல் வழியாகத்தான். அங்கே உரிமம் வாங்கிய விவசாயிக்குச் செல்லுபடியாவது திருத்தணியில் உரிமம் இல்லாதவனுக்குச் செல்லாது. 2021 முதல் ஹெம்ப் விதை உணவுப்பொருளாக அங்கீகாரம் பெற்று விற்பனைக்கு வருகிறது, அதைத் தின்னலாம். விதைத்தால் அது வேறு பிரிவு.

இலை விஷயமும் இப்படித்தான். காசியில் அரசு உரிமம் பெற்ற பாங்கு கடை இருப்பது பலருக்கும் தெரிகிறது. இலை மத்தியச் சட்டத்தின் கஞ்சா இலக்கணத்துக்கு வெளியே நிற்பதால், அதைக் கட்டுப்படுத்துவது அந்தந்த மாநிலத்தின் கையில். ‘இலைக்காகத்தான் வச்சிருக்கேன், பூவுக்கு முன்னாடி கிள்ளிடுவேன்’ என்ற சாமர்த்தியம் இதிலிருந்து பிறக்கிறது. கடையில் இருப்பது இலை. உன் மாடியில் இருப்பது செடி. ‘ஆண் செடி சார், அதுல ஒண்ணுமே இல்ல’ என்பதற்கும் இதே பதில். நவகாவ் பொத்தாருக்கு ஆண், பெண் வேறுபாடுதான் பிழைப்பு. சட்டத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

மருந்து என்ற கற்பிதம் இன்னும் ஆழமானது, இன்னும் மரியாதையானது. கோரக்கர் மூலி, சிவமூலி என்ற பெயர்களே ஒரு பாரம்பரியத்தின் சாட்சி. ஆடிக்கிருத்திகைக்குக் காவடியோடு மலையேறி வருகிற கூட்டத்தில் பரதேசிகளும் உண்டு. அவர்களிடம் இந்தப் பெயர்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. சித்த மருத்துவத்தில் கஞ்சா சேர்கிற மருந்துகள் உண்டு என்பதிலும் சந்தேகமில்லை. மருந்து விதிகளின் நச்சுப்பொருள் பட்டியலில், சித்தப் பிரிவில், எட்டி, ஊமத்தை, அலரியோடு கஞ்சாவும் இடம்பெறுகிறது. அந்தப் பட்டியலில் இருப்பதன் பொருள், உரிமம் பெற்ற தயாரிப்பாளர் முறைப்படி சுத்தி செய்து, அளவோடு, எச்சரிக்கை அச்சிட்டு விற்கலாம் என்பது. வீட்டில் வளர்த்து நாமே இடித்துக்கொள்ளலாம் என்பதல்ல. 8-ஆம் பிரிவு மருத்துவ, அறிவியல் காரியங்களுக்கு விலக்கு வைத்திருக்கிறது. ஆனால் விதிகள் சொல்லும் முறையில், சொல்லும் அளவில். ஜம்முவில் சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனம் உரிமத்தோடு ஆய்வுக்காக வளர்க்கிறது. டாக்டர் சீட்டு வளர்ப்பதற்கான உரிமம் ஆகாது.

‘இயற்கையானது, நானே வளர்த்தா கலப்படமில்ல’ என்பதற்கு அதிகம் செலவிட வேண்டாம். அரளி விதையும் இயற்கைதான். வீட்டுச் செடியில் வெளிச்சரக்கின் கலப்படம் இருக்காது என்பது சரி; அதன் வீரியம் எவ்வளவு என்பதும் வளர்த்தவனுக்குத் தெரியாது. வளரிளம் பருவத்தில் தொடங்கி விடாமல் புகைப்பவர்களிடம் மனச்சிதைவுக்கான அபாயம் கூடுவதாக ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. செடி யார் வீட்டு மாடியில் நின்றது என்பதை அந்த அபாயம் கேட்பதில்லை.

கடைசியாக, ‘உலகமே அனுமதிச்சாச்சு’. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் வயதுவந்தவர் வீட்டில் மூன்று செடி வைக்கலாம். கனடாவின் தேசியச் சட்டம் 2018-இலிருந்து ஒரு வீட்டுக்கு நான்கு செடி வரை விடுகிறது. அங்கேயே சில மாகாணங்கள் அதற்கும் தடை போட்டன. அலாஸ்கா உச்ச நீதிமன்றம் 1975-லேயே வீட்டின் அந்தரங்கத்தைச் சொல்லி ஒரு கதவு திறந்தது. தென்னாப்பிரிக்க அரசியல் சாசன நீதிமன்றம் 2018-இல் அதையே இன்னும் அகலமாகத் திறந்தது. இங்கெல்லாம் ‘வீடு’ என்ற சொல் சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. நம் உச்ச நீதிமன்றமும் 2017-இல் புட்டசாமி வழக்கில் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. 20(ஏ)-யில் அதனால் ஒரு எழுத்தும் மாறவில்லை. 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையத்தில் 27-க்கு 25 என்ற வாக்கில் கஞ்சாவை மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். இந்தியா எடுப்பதற்கு ஆதரவாக வாக்களித்தது. அந்தச் செய்தியின் தலைப்பு மட்டும் கைப்பேசிகளில் ஓடியது. கஞ்சா முதல் பட்டியலில் அப்படியே இருக்கிறது என்ற பாதி ஓடவில்லை.

*

தப்பெண்ணங்கள் துணிச்சலின் பக்கம் மட்டும் இல்லை, பயத்தின் பக்கமும் உண்டு. அவற்றின் விலையும் குறைந்ததல்ல. அந்த வீட்டில் கம்மலை அடகு வைத்து ஒரு புரோக்கரிடம் பணம் கொடுத்திருக்கிறார்கள். ‘கஞ்சா கேஸுல ஜாமீனே கிடையாது, ஆளைப் புடிச்சுத்தான் பண்ணணும்’ என்றானாம். இந்தச் சட்டத்தின் குற்றங்கள் ஜாமீனில் விடத்தகாதவை என்பது, நீதிமன்றம் மனுவைப் பார்த்துத் தீர்மானிக்கும் என்ற அளவிலேதான். குற்றமற்றவர் என்று நம்பக் காரணம் இருக்க வேண்டும் என்கிற 37-ஆம் பிரிவின் கடுமையான நிபந்தனை, வணிக அளவுக்கும் 19, 24, 27-ஏ ஆகிய பிரிவுகளுக்கும் உரியது. 20(ஏ) அந்த வரிசையில் பெயர் சொல்லி வரவில்லை. ஒரு வக்கீல் பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுகிற விஷயம். இலவசச் சட்ட உதவியிலும் வக்கீல் கிடைப்பார். அதேபோல பத்து வருஷம் என்பது உச்சவரம்பு. குறைந்தபட்சம் இவ்வளவு என்று அந்த உட்பிரிவு சொல்லவில்லை. பிடுங்கிய செடியை வேர், தண்டு, மண்ணோடு நிறுத்து ‘கஞ்சா இத்தனை கிலோ’ என்று எழுதினால் அதையும் நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம். நுனி மட்டுமே கஞ்சா என்ற இலக்கணம் அங்கே குற்றம் சாட்டப்பட்டவனுக்கு உதவும்.

‘தானா முளைச்சதுன்னு சொல்லிட்டா முடிஞ்சது’ என்பது பயத்துக்கும் துணிச்சலுக்கும் நடுவில் நிற்கிற கற்பிதம். இதற்குப் பின்னாலும் ஒரு உண்மை இருக்கிறது. உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் (2004 தீர்ப்புத் தொகுதியில் இருக்கிறது) உச்ச நீதிமன்றம் ஒருவரை விடுதலை செய்தது. கூட்டுச் சொத்தான நிலத்தில் சில செடிகள் நின்றது மட்டும் போதாது, அவர் பயிரிட்டார் என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும், மண்ணில் கிடந்த விதை தானாகவும் முளைக்கலாம் என்பது அதன் சாரம். வயலுக்கும் வேலியோரத்துக்கும் இது பொருந்தும். மாடியில், பெயின்ட் பக்கெட்டில், தண்ணீர் வடிய அடியில் ஆணியால் குத்திய மூன்று ஓட்டையோடு நின்ற செடிக்கு எப்படிப் பொருந்தும்?

இந்த இடத்தில் நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிற்றிதழ் வட்டாரத்தில் கஞ்சா வெகுகாலமாக ஒரு படிமம்: கலகம், சித்தர் மரபு, நடுத்தர வர்க்க ஒழுங்கின் மறுப்பு. நானும் இருபதுகளில் அப்படிப் பேசியவன்தான். அந்தப் பேச்சு யாரைத் தொட்டது என்று இப்போது யோசிக்கிறேன். 2021 கடைசியில் ஆந்திர போலீஸ் ‘பரிவர்த்தனா’ என்று விசாகப்பட்டினத்து மலைக்காடுகளில் ஆயிரக்கணக்கான ஏக்கர் செடியை அழித்தது. 2022 பிப்ரவரியில் சுமார் இரண்டு லட்சம் கிலோவை மொத்தமாகக் கொளுத்தியது. அதே மாதங்களில் தமிழ்நாட்டில் ‘கஞ்சா வேட்டை’ நடந்தது. அந்த மலைக்கும் சென்னைக்கும் நடுவே ரயில் பாதையிலும் பஸ் பாதையிலும் உட்கார்ந்திருக்கிற ஊர் திருத்தணி. பொன்பாடி சோதனைச்சாவடியில் பையைத் திறந்து காட்டுவது இங்கே பையன்களுக்குப் பழகிப்போன காரியம். ‘வெளிய வாங்கினா புடிப்பாங்க, வீட்டுல வச்சா யாருக்குத் தெரியும்’ என்ற கணக்கு இந்தச் சூழலில்தான் உருவாகிறது. நகரத்து அறைக்குள் படிமமாக இருப்பது எல்லையோரத்தில் எஃப்.ஐ.ஆர். ஆகிறது. படிமத்தை எழுதியவர்கள் யாரும் அந்த எஃப்.ஐ.ஆரில் இல்லை.

பையன் ஜாமீனில் வந்துவிட்டான். கம்பெனி வேலை போயிற்று. இப்போது பொதட்டூர்ப்பேட்டையில் ஒரு தறிக் கொட்டகைக்குப் போகிறான். வழக்கு நடக்கிறது. அம்மா மேல் வழக்கில்லை, அவரைச் சாட்சியாகச் சேர்த்திருக்கிறார்கள். 35-ஆம் பிரிவின்படி குற்றம் சாட்டப்பட்டவருக்குக் குற்ற மனம் இருந்ததாக நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்ட வேண்டியது அவர் பொறுப்பு. ‘எனக்குத் தெரியாது’ என்று அம்மா சொன்னால் அது அவரைக் காப்பாற்றும். யார் நட்டது என்று அடுத்த கேள்வி வரும்.

பக்கெட்டையும் மண்ணோடு எடுத்துப் போயிருக்கிறார்கள், அது வழக்குச் சொத்து. செம்பைப் பற்றி ஏதாவது கேட்டார்களா என்று அவரிடம் கேட்டேன்.

“அத்த யாரும் கேக்கல தம்பி. துளசிக்கு இன்னும் அதுலதான் ஊத்தறேன்.”